எழுதப்படாத அத்தியாயத்தை வாசிப்பவர்கள்

2006-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில், மணிக்கணக்கில் நீண்ட ஒரு மதிய உணவின்போது, எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் எதிரே அமர்ந்திருந்த இருவரிடம் ஒரு கேள்வி கேட்டார். டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் என்ற அந்த இருவரும் அவருடைய 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க அனுமதி கேட்டு வந்தவர்கள். ஜான் ஸ்னோவின் தாய் யார் என்பதுதான் கேள்வி. அதுவரை வெளிவந்திருந்த நான்கு நூல்களில் எந்தப் பக்கத்திலும் அதற்கு நேரான விடை கிடையாது. இருவரும் தங்கள் ஊகத்தைச் சொன்னார்கள். சரியாக இருந்தது. தொடரும் அவர்கள் கைக்கு வந்தது.

மார்ட்டின் அதை ஒரு தேர்வாகவே வைத்தார். எழுதியதை நினைவில் வைத்திருக்கிறார்களா என்று அவர் சோதிக்கவில்லை. எழுதாமல் விட்டதைக் கண்டுகொண்டார்களா என்று சோதித்தார். தன் கதையை ஒப்படைக்கத் தகுந்த வாசகர் யார் என்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் அது.

முடிவடையாத தொடர்கதையின் அடுத்த திருப்பத்தை ஊகிப்பதைப் பலர் பொழுதுபோக்கு என்பார்கள், சிலர் வெட்டி வேலை என்றே சொல்லிவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மிகத் தீவிரமான வாசிப்பு முறைகளில் அதுவும் ஒன்று. அதற்கென்று ஒழுங்கு உண்டு, வரலாறு உண்டு. ஆனால் அதன் மதிப்பு விடையைச் சரியாகச் சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. விடை சரியாக இருந்தும் கதை தோற்றுப்போகலாம் என்பதை இதே நாவல் வரிசையின் தொலைக்காட்சி வடிவம் காட்டியிருக்கிறது.

முதல் நூலான 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996-இல் வந்தது. 1998, 2000, 2005, 2011 என்று அடுத்த நான்கும் வந்தன. ஏழு நூல்களில் முடிய வேண்டிய கதையில் ஆறாவதான 'தி விண்ட்ஸ் ஆஃப் வின்டர்' இன்னும் வெளிவரவில்லை. டிராகன்கள் பறக்கும், செத்தவர்கள் எழுந்து நடக்கும் மிகுபுனைவு உலகம்தான். ஆனாலும் கதையை நகர்த்துபவை வாரிசுரிமை, திருமணம், கொடுத்த வாக்கு, பழி ஆகியவையே. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே ஒரு பாத்திரத்தின் மனதுக்குள்ளிருந்து சொல்லப்படுகிறது. எல்லாம் அறிந்த கதைசொல்லி இங்கே இல்லை. ஒருவர் பார்த்தது, கேள்விப்பட்டது, தவறாக நம்பிக்கொண்டிருப்பது, நினைக்கவே அஞ்சுவது, இவ்வளவுதான் நம் கையில். ஊகத்துக்கு வழி திறந்தது இந்தச் சொல்முறை.

ஜானின் பிறப்பு ரகசியத்தை வாசகர்கள் எப்படி எட்டினார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வடநாட்டுப் பிரபு எட்டார்ட் ஸ்டார்க், சுருக்கமாக நெட், போருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கைக்குழந்தையோடு வருகிறார். தன் மகன் என்கிறார். தாயின் பெயரை மனைவியிடம்கூடச் சொல்ல மறுக்கிறார். நேர்மைக்குப் பெயர்போன மனிதரின் வாழ்க்கையில் ஒரே ஒரு சறுக்கல் என்று ஊர் எடுத்துக்கொள்கிறது. அவருடைய தங்கை லியானா அந்தப் போரின் முடிவில் இறந்துபோனவள். அவளை இளவரசர் ரேகார் டார்கேரியன் கடத்திக்கொண்டு போனதாகத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். போர் மூண்டதற்கே அது ஒரு காரணம்.

நெட்டுக்குக் காய்ச்சலில் ஒரு கனவு வருகிறது. மலைப்பகுதிக் கோபுரம் ஒன்றின் முன் அரசரின் மெய்க்காவல் வீரர்கள் மூவர் நிற்கிறார்கள். நெட்டுடன் ஆறு பேர். அரசர் இறந்துவிட்டார், இளவரசர் ரேகாரும் இறந்துவிட்டார். அரச குடும்பத்தில் உயிரோடு இருப்பதாக உலகம் அறிந்த ஆண் வாரிசு தொலைவில் ஒரு தீவில் இருக்கிறான். அரசரையும் அவர் குடும்பத்தையும் காப்பதாகச் சத்தியம் செய்த மூவர், அந்த வாரிசிடம் போகாமல், ஆளற்ற கோபுரத்தின் வாசலில் உயிரைக் கொடுத்து எதைக் காத்தார்கள்? கோபுரத்துக்குள் லியானா ரத்தம் தோய்ந்த படுக்கையில் கிடக்கிறாள். அண்ணனிடம் ஏதோ ஒரு வாக்கு வாங்கிக்கொண்டு இறக்கிறாள். என்ன வாக்கு என்று நூல் சொல்வதில்லை. ஆனால் அது நெட்டைக் கடைசிவரை துரத்துகிறது.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. முதல் வாசிப்பில் பலரும் தாண்டிப்போகும் இடம். நெட் மழையில் குதிரையேறிப் போய்க்கொண்டிருக்கிறார். அந்தப் போரில் வென்று அரசரான ராபர்ட்டுக்கு முறைதவறிப் பிறந்த ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு வரும் வழி. ஜானின் முகம் மனதில் வருகிறது. அதைத் தொட்டே, பல ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக, ரேகாரின் நினைவும் வருகிறது. ராபர்ட்டைப் போல ரேகாரும் விலைமாதர் வீடுகளுக்குப் போயிருப்பாரா என்று யோசித்து, போயிருக்க மாட்டார் என்று தோன்றுவதோடு அந்த எண்ணம் முடிகிறது. ஜானிலிருந்து ரேகாருக்கு நினைவு ஏன் தாவியது என்று மார்ட்டின் விளக்குவதில்லை. தங்கையைக் கெடுத்தவன் என்று உலகம் சொல்லும் ஒருவன்மீது நெட்டின் மனதில் ஏன் வெறுப்பே இல்லை என்பதையும் விளக்குவதில்லை. இரண்டு நினைவுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவ்வளவுதான். மனம் மறைக்க விரும்புவது எந்த வழியாகக் கசியும் என்று அறிந்த எழுத்தாளரின் வேலை இது.

ரேகாரும் லியானாவும் ஜானின் பெற்றோர் என்ற இந்த முடிவுக்கு ஆங்கில வாசகர்கள் ஒரு சமன்பாட்டு வடிவம் கொடுத்தார்கள்: ஆர்+எல்=ஜே. 1997-லேயே, அதாவது ஒரே ஒரு நூல் வந்திருந்த நிலையிலேயே, இது இணையத்தில் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் நூலில், ரேகாரின் தங்கை டெனேரிஸ் காணும் மாயக்காட்சிகளில் ஒன்றாக, பனிச்சுவரின் விரிசலில் பூத்திருக்கும் நீல மலர் வருகிறது. நீலக் குளிர்கால ரோஜா லியானாவின் அடையாளம். போட்டியில் வென்ற ரேகார் தன் மனைவியைத் தாண்டிப் போய் அந்த மலர்களாலான முடியை அவளுக்குத்தான் கொடுத்திருந்தார். பனிச்சுவர் ஜான் காவல் இருக்கும் இடம். முதல் நூலை வைத்துக் கட்டிய ஊகத்துக்கு இரண்டாம் நூல் புதிய சான்று தந்தது. ஒரு கருதுகோள் தான் பிறந்தபோது இல்லாத தரவையும் விளக்குமானால் அதை நாம் கூடுதலாக நம்பத் தொடங்குவோம். வாசகர்கள் செய்ததும் அதுவே.

இந்தப் பழக்கம் இணையத்தோடு பிறந்ததில்லை. 1841-இல் சார்லஸ் டிக்கன்ஸின் 'பார்னபி ரட்ஜ்' தொடராக வந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ அதன் தொடக்கப் பகுதிகளை மட்டும் படித்துவிட்டு, மே மாதம் ஒரு ஃபிலடெல்ஃபியா இதழில் கொலையாளி யார் என்று எழுதினார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் துப்பறியும் கதைகளின் தொடக்கமாகக் கருதப்படும் தன் ரூ மார்க் கொலைக் கதையை அவர் வெளியிட்டிருந்தார். கொலையாளி பார்னபியின் தந்தையே என்ற அவர் கணிப்பு பலித்தது. கொலையைத் தூண்டியவர் யார் என்பதில் அவர் தவறினார். கதை முடிந்தபின் 1842-இல் போ எழுதிய மதிப்புரை எனக்கு இன்னும் முக்கியமாகப்படுகிறது. மர்மத்தை இறுதிவரை இழுத்துப் பிடிக்கும் கதை, அந்த மர்மத்தை முன்கூட்டியே அவிழ்த்துவிட்ட வாசகரிடம் என்ன ஆகிறது என்று அவர் அங்கே கேட்டார். தொடர்கதை எழுதும் ஒவ்வொருவரும் இன்றுவரை எதிர்கொள்ளும் கேள்வி அது.

டிக்கன்ஸ் 1870 ஜூன் 9 அன்று இறந்தபோது 'தி மிஸ்டரி ஆஃப் எட்வின் ட்ரூட்' பன்னிரண்டு பகுதிகளில் ஆறு மட்டுமே முடிந்திருந்தது. எட்வின் கொல்லப்பட்டானா, அவன் மாமா ஜாஸ்பர்தான் கொன்றாரா என்ற வாதம் தலைமுறைகள் தாண்டியது. நண்பரிடம் டிக்கன்ஸ் சொன்னது, ஓவியரிடம் சொன்னது, இதழின் அட்டைப்படத்தில் வரையப்பட்டிருந்தது என எல்லாமே சாட்சியாயின. 1914 ஜனவரியில் லண்டனில் ஜாஸ்பருக்கு ஒரு கற்பனை விசாரணையே நடந்தது. ஜி. கே. செஸ்டர்டன் நீதிபதி, ஜார்ஜ் பெர்னார்ட் ஷா ஜூரிகளின் தலைவர். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று ஜூரி தீர்ப்புச் சொல்ல, செஸ்டர்டன் தன்னைத் தவிர அங்கிருந்த அனைவருக்கும் நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதம் விதித்தார். ஆசிரியர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னும் அவர் எழுதாத பாதியை இவ்வளவு பெரிய மனிதர்கள் விவாதித்திருக்கிறார்கள்.

ஜெர்மானிய வாசிப்புக் கோட்பாட்டாளர் வோல்ஃப்காங் ஈஸர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு பிரதியில் சொல்லாமல் விடப்பட்ட இடைவெளிகளை வாசகர் தன் கற்பனையால் நிரப்புகிறார். வாசிப்பு என்ற செயலே அங்கேதான் நடக்கிறது என்பது அவர் கருத்து. தொடர்கதை அந்த இடைவெளியைக் காலத்திலும் நீட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசகர்கள் ஒரே நாவலைப் புத்தகமாகப் படித்ததைவிடத் தொடராகப் படித்தபோது அதிகம் ரசித்ததை ஈஸர் சுட்டிக்காட்டுகிறார். காத்திருக்கும் வாரத்தில் வாசகர் தானும் கதைக்குள் வேலை செய்கிறார். அந்த வாரம் பத்து ஆண்டுகளுக்கு மேல் நீளும் என்று ஈஸர் எண்ணியிருக்க மாட்டார்.

இனி, மார்ட்டினின் நூல்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஊகம். 2011-இல் வந்த ஐந்தாம் நூலான 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்'-இல் வைமன் மாண்டர்லி என்று ஒரு பிரபு வருகிறார். உடல் பருத்தவர், கோழை என்று எல்லோரும் கேலி செய்பவர். அவருடைய மகனை ஒரு திருமண விருந்தில் வைத்து ஃப்ரே குடும்பத்தார் கொன்றிருக்கிறார்கள். விருந்தாளியைக் கொல்வது அந்த உலகத்தில் மன்னிக்கப்படாத பாவம். இப்போது அதே ஃப்ரே குடும்பத்தின் மூவர் மாண்டர்லியின் விருந்தினராக அவர் மாளிகையில் தங்கியிருக்கிறார்கள். பிறகு அவர்கள் வழியில் காணாமல் போய்விட்டதாகச் சொல்லப்படுகிறது. ஸ்டார்க்குகளின் கோட்டையான வின்டர்ஃபெல்லில் நடக்கும் இன்னொரு திருமணத்துக்கு மாண்டர்லி மூன்று மாபெரும் இறைச்சிப் பணியாரங்களைக் கொண்டுவருகிறார். தன் கையாலேயே பகைவர்களுக்குப் பரிமாறுகிறார், தானும் ஆசையோடு சாப்பிடுகிறார். பிறகு, எலிச் சமையல்காரன் பற்றிப் பாடச் சொல்லிப் பாடகனைக் கேட்கிறார்.

அந்தச் சமையல்காரன் கதை அதற்கு முன்பே, 2000-இல் வந்த மூன்றாம் நூலில் சொல்லப்பட்டிருக்கிறது. தன்னிடம் விருந்துக்கு வந்த அரசனுக்கு அவன் மகனையே சமைத்துப் போட்டவன் அவன். கடவுள்கள் அவனை எலியாக்கினார்கள். கொன்றதற்காகவோ பிள்ளைக்கறி படைத்ததற்காகவோ அந்தத் தண்டனை இல்லை. தன் கூரையின்கீழ் இருந்த விருந்தாளியைக் கொன்றதற்காக. பதினோரு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு நூல்களை இணைத்துப் பார்த்தால்தான் மாண்டர்லி என்ன செய்தார் என்பது விளங்கும். எந்தப் பக்கத்திலும் அது நேராகச் சொல்லப்படவில்லை. வாசகர்கள் அதோடு நிற்காமல் இன்னொன்றையும் கவனித்தார்கள். ஃப்ரேக்கள் புறப்படும்போது மாண்டர்லி ஒவ்வொருவருக்கும் ஒரு குதிரையைப் பரிசாகக் கொடுக்கிறார். விடைகொடுக்கும் பரிசு கைமாறிவிட்டால் விருந்தோம்பல் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் விருந்தாளிகள் இல்லை. பழிவாங்கும் வெறியிலும் சட்டத்தின் எழுத்தை மீறாத ஒரு தகப்பன் அங்கே தெரிகிறான்.

நல்ல ஊகம் எதைச் சாதிக்கிறது என்பதற்கு இது சான்று. "மூன்று பேரையும் சமைத்துவிட்டார்" என்ற செய்தியோடு நின்றிருந்தால் அது வெறும் அதிர்ச்சி. பரிசுக் குதிரைகளைச் சேர்த்துப் படிக்கும்போது அது ஒரு மனிதனின் ஒழுக்கம், துயரம், கசப்பு எல்லாமாகிறது. ஆர்+எல்=ஜே-யும் அப்படித்தான். ஜான் அரச வாரிசு என்பது அதில் சின்ன விஷயம். ரேகாரின் மற்றக் குழந்தைகள் கொல்லப்பட்டதை ராபர்ட் கண்டிக்கவில்லை என்பது நெட்டுக்குத் தெரியும். தங்கை பெற்ற பிள்ளையைக் காப்பாற்றத் தன் பெயரையும் மனைவியின் நிம்மதியையும் அவர் விலையாகக் கொடுத்திருக்கிறார். ஒருமுறை சறுக்கிய நேர்மையாளர் என்று நாம் நினைத்த நெட், அன்புக்காக வாழ்நாள் முழுக்கப் பொய்யைச் சுமந்தவராக மாறுகிறார். முதல் நூலை மறுபடி எடுத்தால் அவருடைய ஒவ்வொரு அத்தியாயமும் வேறாகத் தெரியும். நூலின் சொற்கள் மாறவில்லை, நாம் அறியும் மனிதர் மாறிவிட்டார்.

இப்படிக் கண்டுபிடிக்கப்படும்போது எழுதுபவர் என்ன செய்வார்? 2014 ஆகஸ்டில் எடின்பரோ புத்தக விழாவில் மார்ட்டின் இதைப் பற்றிப் பேசினார். தான் ஒளித்து வைத்த துப்புகளை ஒன்றிரண்டு வாசகராவது சேர்த்துச் சரியான விடைக்கு வந்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டார். அதற்காக நடுவழியில் முடிவை மாற்றினால் முன்பு ஊன்றிய துப்புகளெல்லாம் அர்த்தமற்றுப் போகும் என்பதால் மாற்றப் போவதில்லை என்றார். 'வெஸ்ட்வேர்ல்ட்' தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோனதன் நோலன் வேறு வழியில் போனார். இரண்டாம் பருவத்தின் ஒரு திருப்பத்தை ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டதால் அதை மாற்றுவதாக அவர் சொன்னார். என் மனம் மார்ட்டின் பக்கமே. துப்புகளை ஊன்றுவது வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. கவனமாகப் படித்தவரைத் தண்டிப்பதற்காக அதை உடைத்தால், அடுத்து யாரும் கவனமாகப் படிக்க மாட்டார்கள்.

ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையில் நடந்தது இரண்டிலும் சேராதது. 1993-இல் வந்த ஐந்தாம் நூலின் இறுதியில் அஸ்மோடியன் என்ற பாத்திரம் கொல்லப்படுகிறது. கொன்றவர் பெயர் இல்லை. விடை வெளிப்படையானது என்று ஜோர்டன் சொல்லி வந்தார். வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் பட்டியல் போட்டு வாதிட்டார்கள். அவர் 2007-இல் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் வரிசையை முடித்தார். 2010-இல் வந்த நூலின் சொல்லடைவுப் பகுதியில், ஒரு பெயருக்குக் கீழே, விடை இருந்தது. பதினேழு ஆண்டு விவாதம் பின்னிணைப்பில் முடிந்தது. பலர் சரியாகவே ஊகித்திருந்தார்கள். ஆனால் அந்த விடையால் எந்தப் பாத்திரமும் புதிதாகத் துலங்கவில்லை. கேள்வி பெரிதாக வளர்ந்ததற்குக் காத்திருப்பு ஒரு காரணம், விடை மறைக்கப்பட்டதே இன்னொரு காரணம். கதைக்கு அதனால் ஆக வேண்டியது குறைவு.

மார்ட்டினைப் பற்றிய இன்னொரு சிக்கலையும் பேசியாக வேண்டும். எழுத்தாளர்களில் கட்டடக்காரர், தோட்டக்காரர் என்று இருவகை உண்டு, தான் தோட்டக்காரர் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படியானால் இன்னும் முளைக்காத செடியின் பூ என்ன நிறம் என்று வாசகர்கள் வாதிடுகிறார்களா? 1993-இல் தன் முகவர் ரால்ஃப் விசினான்ஸாவுக்கு அவர் எழுதிய கடிதம் 2015-இல் வெளியே வந்தபோது இதற்கு ஓரளவு பதில் கிடைத்தது. அதில் கதை மூன்றே நூல்கள். ஜானும் அவன் தங்கையாக வளர்ந்த ஆர்யாவும் காதலிக்கிறார்கள். இன்றைய வாசகர் திகைத்துப்போகும் அளவுக்குக் கதைப்போக்கு வேறு. ஆனாலும் ஜானின் பிறப்பில் ஒரு ரகசியம் உண்டு என்பதும், அது கடைசி நூலில் வெளிப்படும் என்பதும் அங்கேயே இருக்கின்றன. மார்ட்டின் சில விஷயங்களை முதலிலேயே தீர்மானித்துவிட்டார். மற்றவை எழுதும்போது மாறின. மூன்றாம் நூலுக்குப் பின் கதைக்குள் ஐந்து ஆண்டுகள் கடந்துபோவதாக வைத்திருந்த திட்டத்தைக்கூட அவர் எழுதிப் பார்த்துக் கைவிட்டார். 2016-இல், தொலைக்காட்சியில் இறந்துவிட்டு நூலில் உயிரோடு இருக்கும் ஒரு பாத்திரத்தை வைத்துப் புதிய திருப்பம் ஒன்று தோன்றியதாகச் சொன்னார். இருபது ஆண்டு முன்பு ஊன்றிய துப்பு அதற்கு இருக்க வாய்ப்பில்லை. எந்த வாசகரும் அதை ஊகித்திருக்கவும் முடியாது.

ஊகிக்கக் கூடியது எது, கூடாதது எது என்று பிரித்தறிவது அதனால் தேர்ந்த வாசகரின் முதல் வேலையாகிறது. 1999 முதல் மார்ட்டின் வாசகர்களுக்கான வெஸ்டெராஸ் இணையதளத்தை நடத்திவரும் எலியோ கார்சியா, லிண்டா ஆன்டன்சன் இருவரும் நூல்களின் ஒவ்வொரு தகவலையும், மார்ட்டின் பொதுவெளியில் சொன்ன ஒவ்வொரு பதிலையும் தொகுத்து வைத்தார்கள். தன் கதையின் விவரங்களைச் சரிபார்க்க மார்ட்டினே கார்சியாவிடம் கேட்பதுண்டு. 2014-இல் அந்த உலகத்தின் வரலாற்று நூல் வந்தபோது அதன் ஆசிரியர்களாக மார்ட்டினோடு இவர்கள் இருவர் பெயரும் இருந்தது. வாசிப்பு அந்த அளவுக்குப் போயிருக்கிறது.

எல்லா ஊகமும் இந்தத் தரத்தில் இருப்பதில்லை. நீண்ட காத்திருப்பில் எல்லாமே துப்பாகத் தெரியத் தொடங்கும். டிரியன் லானிஸ்டரும் டார்கேரியன் வாரிசுதான் என்ற ஊகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் சான்றுகள் காட்டுகிறார்கள்: தலைமுடியின் நிறம், டிராகன்கள்மீது அவனுக்கு இருந்த பிள்ளைப்பருவ ஆசை, அவன் தந்தை டைவின் கடைசியில் சொல்லும் சொல். சான்றுகள் இருக்கட்டும், கதைக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். தந்தையை அப்படியே உரித்து வைத்த மகனை அந்தத் தந்தையே வெறுக்கிறார். டிரியனின் துயரமே அதுதான். டைவின் அவன் தந்தையே இல்லை என்று ஆகிவிட்டால் அந்த வெறுப்புக்கு எளிதான காரணம் கிடைத்துவிடும், துயரம் கரைந்துவிடும். ஒரு திருப்பம் பாத்திரத்தைச் சிறியதாக்குமானால் எத்தனை சான்று இருந்தாலும் நான் தயங்குவேன்.

2016 ஜூன் 26 அன்று, ஆறாம் பருவத்தின் கடைசிப் பகுதியில், தொலைக்காட்சி ஜானின் பிறப்பைக் காட்டியது. கோபுரம், படுக்கை, குழந்தை, வாக்கு எல்லாம் வந்தன. பத்தொன்பது ஆண்டு ஊகம் நிரூபணமான நாள். ஆனால் 2019 மே மாதம் தொடர் முடிந்தபோது அந்த உண்மையால் என்ன ஆயிற்று? டெனேரிஸின் அச்சத்தை அது கூட்டியது. அரியணை கடைசியில் வேறொருவருக்குப் போனது. ஜான் மறுபடி பனிச்சுவருக்கே அனுப்பப்பட்டான். நெட்டின் தியாகத்தை நெட்டோடு சேர்த்து எண்ணிப்பார்க்கத் தொடரில் இடமே இல்லை. அவரை வாழ்நாளெல்லாம் குற்றம் சொன்ன மனைவி கேட்லினும் உண்மை அறியாமலேயே இறந்துபோயிருந்தாள். அந்த மதிய உணவில் விடையைச் சரியாகச் சொன்ன அதே இருவர் எடுத்த தொடர் இது. யார் தாய் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது ஏன் மறைக்கப்பட்டது, யாருக்கு வலித்தது என்பதற்குக் கதையில் அவர்கள் நேரம் ஒதுக்கவில்லை. கோடிக்கணக்கான பார்வையாளர்களின் ஏமாற்றத்துக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. என் கணக்கில் இது அவற்றில் முதன்மையானது.

திருப்பம் முன்பே தெரிந்துவிட்டால் கதையின் சுவை கெடுமா என்பதில் உளவியல் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட்டும் கிறிஸ்டன்ஃபெல்டும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்கூட்டியே அறிந்து சிறுகதைகளைப் படித்தவர்கள் சற்று அதிகமாகவே ரசித்தார்கள். 2015-இல் ஜான்சனும் ரோசன்பாமும் செய்த ஆய்வு எதிர்த்திசையில் போயிற்று. இரண்டு ஆய்வுகளிலும் முடிவை வாசகருக்குக் கையில் கொடுத்தவர்கள் பிறர். தானே உழைத்துக் கண்டுபிடித்தவரின் நிலை அதுவன்று. 2016-இல் அந்தக் காட்சியைப் பார்த்த பழைய வாசகருக்குத் திகைப்பு இருந்திருக்காது. ஆனால் தன் வாசிப்பு பொய்யில்லை என்று அறிந்த நிறைவு இருந்திருக்கும். திகைப்பைவிட அது மேலானது என்றே நான் கருதுகிறேன்.

தொலைக்காட்சி விடை சொல்லாத கேள்விகளும் உண்டு. அவற்றில் பெரியது ஐந்தாம் நூலில் வரும் ஓர் இளைஞனைப் பற்றியது. குழந்தையிலேயே கொல்லப்பட்டதாக எல்லோரும் நம்பும் ரேகாரின் மகன் ஏகான் நான்தான் என்று அவன் படையோடு வந்து இறங்குகிறான். தொலைக்காட்சியில் இந்தப் பாத்திரமே இல்லை. ஆகவே நூல்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவன் உண்மையில் டார்கேரியன் அல்லன், அதே குலத்திலிருந்து பிரிந்து கலகம் செய்து தோற்ற பிளாக்ஃபயர் கிளையின் வாரிசு என்று பல வாசகர்கள் வாதிடுகிறார்கள். டார்கேரியன் கொடி கறுப்பில் சிவப்பு டிராகன். பிளாக்ஃபயர் கொடி சிவப்பில் கறுப்பு டிராகன். நான்காம் நூலில் ஒரு துறவி வழிநடையில் ஒரு சத்திரத்தின் பழங்கதையைச் சொல்கிறார். அதன் முகப்பில் இரும்பில் செய்த கறுப்பு டிராகன் பலகை தொங்கியது. கலகக்காரரின் சின்னம் என்று கருதி அதை வெட்டி ஆற்றில் எறிந்தார்கள். வெகுகாலம் கழித்து அதன் தலைகளில் ஒன்று ஒரு தீவில் கரையொதுங்கியது. அப்போது துருப்பிடித்துச் சிவந்திருந்தது. கறுப்பு டிராகன் நீரைக் கடந்து சிவப்பாகத் திரும்பி வருகிறது. அடுத்த நூலில் கடலைக் கடந்து ஏகான் வருகிறான்.

சான்றுகள் இதோடு நிற்கவில்லை. எந்த ஒப்பந்தத்தையும் மீறாத கூலிப்படை என்று பெயர் பெற்ற கோல்டன் கம்பெனி, பிளாக்ஃபயர்களை அரியணை ஏற்றவே உருவானது. அது கைக்கு வந்த ஒப்பந்தத்தை முறித்துவிட்டு இவனுக்காக வருகிறது. பிளாக்ஃபயர்களின் ஆண் வழி அற்றுப்போனது என்று அவனுக்கு ஆதரவளித்தவர்களில் ஒருவரான இலீரியோ சொல்கிறார். பெண் வழியைப் பற்றி அவர் பேசவில்லை. மறுதரப்பிலும் வலுவான வாதம் இருக்கிறது. ஐந்தாம் நூலின் இறுதியில் அரசவை உளவுத்தலைவர் வேரிஸ், சாகக் கிடக்கும் எதிரியிடம் ஏகானை உண்மையான வாரிசாகவே பேசுகிறார். சாகப்போகிறவனிடம் பொய் சொல்ல வேண்டிய தேவை என்ன? அந்த அறையில் சிறுவர்கள் இருந்தார்கள், அவர்கள் காதில் விழட்டும் என்று சொன்னார் என்பது எதிர்ப்பதில். எனக்கு முழு நிறைவு தராத பதில் அது.

இருந்தாலும் நான் பிளாக்ஃபயர் பக்கமே நிற்கிறேன். துருப்பிடித்த டிராகன் மட்டும் அதற்குக் காரணமில்லை. வேரிஸ் அந்தப் பேச்சில் இளைஞனின் ரத்தத்தைவிட அவன் வளர்ப்பைப் பற்றியே அதிகம் சொல்கிறார்: மீன்பிடிக்கவும் துணி துவைக்கவும் தெரிந்தவன், பசியை அறிந்தவன், அரசாட்சியை உரிமையாக எண்ணாமல் கடமையாக எண்ணும்படி வளர்க்கப்பட்டவன். அவன் உண்மையான வாரிசாக இருந்துவிட்டால் இந்த வளர்ப்பு வெறும் அலங்காரம். போலியாக இருந்து, அந்தப் போலித்தனம் அவனுக்கே தெரியாமலும் இருந்தால், ஆளத் தகுந்தவனாகத் தயாரிக்கப்பட்ட ஒருவனும் ஆளப் பிறந்த டெனேரிஸும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இந்த மோதலுக்காகத்தான் மார்ட்டின் ஐந்தாம் நூலில், கதை இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகு, இப்படி ஒரு புதுப் பாத்திரத்தை உள்ளே கொண்டுவந்தார் என்பது என் ஊகம். ஆறாம் நூல் வந்து இது தவறென்று காட்டினால், வேரிஸின் அந்தப் பேச்சைத்தான் நான் முதலில் மறுபடி எடுத்துப் படிப்பேன்.